கேசட்டில் மிஞ்சிய நான்கு நிமிடங்கள்

கீழக்கரையில் என் தாய்மாமா 1986-ஆம் ஆண்டிலிருந்து 2007 வரை ஒரு ரெக்கார்டிங் சென்டர் நடத்தினார். எட்டடிக்குப் பத்தடி அறை. சுவர் முழுக்க மரத் தட்டுகள், தட்டுகள் நிறைய ஒரிஜினல் கேசட்டுகள், மேசை மேல் இரட்டை டெக் ஒன்று. வாடிக்கையாளர் தமக்கு வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். மெல்ட்ராக், டி.டி.கே., சோனி என்று அவரவர் வசதிக்கேற்ற வெற்றுக் கேசட்டில் மாமா அவற்றைப் பதிந்து, அட்டையில் பாட்டின் முதல் அடியையும் படத்தின் பெயரையும் பொடி எழுத்தில் எழுதி மறுநாள் கொடுப்பார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு பிடிக்கும். பாட்டுகளின் நீளம் ஒன்றுபோல இராது என்பதால் பக்கத்தின் கடைசியில் மூன்று, நான்கு நிமிட நாடா மிஞ்சும்.

அந்த மிச்சத்தை ஊமையாக விட மாமாவுக்கு மனம் வராது. தாளில் உள்ள பாட்டுகளை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, இவருக்கு இதுவும் பிடிக்கும் என்று தமக்குத் தோன்றுகிற ஒன்றைப் போட்டு நிரப்புவார். அதற்குக் காசு வாங்க மாட்டார், அட்டையிலும் எழுத மாட்டார். இரண்டு வாரம் கழித்து அந்த ஆள் கடை வாசலில் வந்து நின்று, "காக்கா, கடைசியில ஒண்ணு போட்டிருந்தீங்களே, அது எந்தப் படம்? யாரு பாடினது?" என்று கேட்பார் (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்). மாமா தடித்த பேரேடு ஒன்றை எடுத்துப் புரட்டிப் படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், ஆண்டு என்று எல்லாவற்றையும் படித்துக் காட்டுவார். வந்தவர் பெரும்பாலும் அந்தப் படத்தின் ஒரிஜினல் கேசட்டைக் கையோடு வாங்கிக்கொண்டு போவார்.

இணையத்தில் பாட்டுக் கோப்புகளை ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த நான்கு நிமிடங்கள்தான். அந்தப் பழக்கம் இசை விற்பனையை அழித்ததா, வளர்த்ததா என்ற வழக்கு கால் நூற்றாண்டாக நடக்கிறது. எங்கள் கடற்கரையில் இருந்துகொண்டு பார்த்தவன் என்ற முறையில் அந்த வழக்கில் யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதியை நான் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எங்கள் பக்கத்து மக்களுக்குப் புதிய பாட்டு எப்போதும் பிறர் கையிலிருந்தே வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கடல் 30 கிலோமீட்டர் அளவே. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை எங்கள் வீடுகளில் பக்கத்து வீட்டுப் பேச்சைப்போலத் துல்லியமாகக் கேட்டது. அதன் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் எங்கள் வாப்பா காலத்து ஆட்களுக்குச் சொந்தக்காரர்களைப் போல. அவர்கள் ஒரு பாட்டை ஒலிபரப்பும்போது அதை எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் என்று பெயர்களையும் சேர்த்தே சொன்னார்கள். மாமாவின் பேரேட்டில் முதல் நூறு பக்கமும் அந்த அறிவிப்புகளைக் கேட்டு எழுதியவை. பின்னாளில் எங்கள் மாவட்டத்துக்குத் தனியார் பண்பலை ஏதும் வருவதற்கு முன்பே சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். என்று கடலுக்கு அப்பாலிருந்து புதுப் பாட்டுகளும் வந்து சேர்ந்தன.

இன்னொரு வழி, ஒரிஜினல் கேசட்டின் மறுபக்கம். தமிழ்ப் பட கேசட்டுகள் பலவற்றில் ஒரு பக்கத்தில் ஒரு படமும் மறு பக்கத்தில் வேறொரு படமும் இருக்கும். ஊரெல்லாம் பேசுகிற படத்துக்காக வாங்கிய கேசட்டில், வந்ததும் போனதும் தெரியாத ஒரு படத்தின் ஐந்து பாட்டுகள் ஒட்டிக்கொண்டு வரும். நாடாவை ஓடவிட்டுத் தேடுவது பெரிய தொல்லை என்பதால், மறுபக்கத்தையும் முழுதாகக் கேட்பார்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போன பாட்டுகள்தாம் இன்றும் எனக்கு நெருக்கமானவை.

மாமாவின் தொழிலைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுமதியில்லாமல் பாட்டைப் பதிந்து விற்பது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். மாமாவுக்கும் அது தெரியும். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்கள் எல்லாம் அந்தக் குற்றத்தின் மேல்தான் நின்றன. வீட்டில் நாடாவில் பதிவதே இசையைக் கொல்கிறது என்று பிரிட்டனின் இசைத்தட்டு நிறுவனங்கள் 1980-களின் தொடக்கத்திலேயே பெரும் பிரசாரம் நடத்தின. ஆகவே கோப்புப் பகிர்வு வருவதற்கு முன்னால் எல்லோரும் காசு கொடுத்துக் கேட்டார்கள் என்று நான் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

இனி அந்தப் புதிய வரவு. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்தில் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஒலிச் சுருக்க முறை 1993-இல் உலகத் தரமாக வெளியிடப்பட்டது. 1995-இல் அந்தக் கோப்புகளுக்கு எம்பி3 என்ற பின்னொட்டு வந்தது. மனிதக் காது எப்படியும் கவனிக்காமல் விடும் ஒலிகளைக் கழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொள்வது அதன் உத்தி. குறுந்தகட்டில் ஏறக்குறைய 50 மெகாபைட் பிடிக்கும் ஐந்து நிமிடப் பாட்டு, எம்பி3 ஆக்கினால் 5 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 1999 ஜூனில், பதினெட்டு வயதான ஷான் ஃபேனிங்கும் பத்தொன்பது வயதான ஷான் பார்க்கரும் நாப்ஸ்டர் என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளை வெளியிட்டார்கள். பாட்டுகள் பயனர்களின் கணினிகளிலேயே இருக்கும், எந்தப் பாட்டு யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் நடுவில் ஒரு சர்வரில் இருக்கும். 2001 பிப்ரவரியில் அதன் பயனர் எண்ணிக்கை இரண்டரைக் கோடியைத் தாண்டியிருந்தது.

நான் அதை முதன்முதலில் பார்த்தது 2000-ஆம் ஆண்டில், ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில். அப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆறு கணினிகளுக்கும் சேர்த்து ஒரே தொலைபேசி இணைப்பு, மணிக்கு 50 ரூபாய். 56 கிலோபிட் மோடம் முழு வேகத்தில் ஓடினால்கூட ஒரு பாட்டு இறங்கப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும், ஆறு பேர் பங்குபோட்ட இணைப்பில் ஒரு மணி நேரமே ஆகிவிடும். இறங்கிய பாட்டு 1.44 மெகாபைட் ஃபிளாப்பியில் அடங்காது. நான்கு துண்டாக வெட்டி நான்கு ஃபிளாப்பிகளில் ஏற்றி, ஊருக்கு வந்து ஒட்டிக் கேட்க வேண்டும். நான்கில் ஒன்று பழுதானாலும் பாட்டு போய்விடும். கீழக்கரைப் பேருந்தில் அந்த ஃபிளாப்பிகளை வெயில் படாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்ததை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

என்னை அதிகம் ஈர்த்தது பாட்டு இலவசமாகக் கிடைத்தது அன்று. யாரிடமிருந்து பாட்டை இறக்குகிறோமோ அவரிடம் வேறு என்னென்ன பாட்டுகள் இருக்கின்றன என்று பார்க்க நாப்ஸ்டரில் ஒரு வசதி இருந்தது. முகம் தெரியாத ஒருவருடைய அலமாரியைத் திறந்து பார்ப்பதைப்போன்ற அனுபவம் அது. நான் தேடிப்போன ஒரு பாட்டை வைத்திருந்தவரின் பட்டியலில் 1960-களின் தமிழ்ப் பாட்டுகள், ஈழத்து மெல்லிசைப் பாட்டுகள், நான் பெயரே கேட்டிராத நாகசுரக் கச்சேரிகள் எல்லாம் இருந்தன. அவர் கனடாவிலோ நார்வேயிலோ வாழ்கிற இலங்கைத் தமிழராக இருக்க வேண்டும் என்று ஊகித்தேன். மூன்று மாதங்களில் அவரிடமிருந்து பதினொரு பாட்டுகளை இறக்கினேன். நான் கேட்காத பாட்டைத் தாமே தேர்ந்து நான்கு நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்த மாமாவின் வேலையை, அந்த முகம் தெரியாத மனிதர் தம்மை அறியாமலேயே எனக்குச் செய்துகொண்டிருந்தார். கோப்புப் பகிர்வைத் திருட்டு என்ற ஒரு சொல்லோடு முடித்துவிடுகிறவர்களோடு என்னால் உடன்பட முடியாததற்குக் காரணம் இதுவே.

ஆனால் தமிழ்ப் பாட்டை அங்கே தேடுவது எளிதாக இல்லை. நாப்ஸ்டர் கோப்பின் பெயரை மட்டுமே தேடும். தமிழ்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் அவரவர் விருப்பப்படி எழுதியிருப்பார்கள். 'காதல்' என்ற ஒரு சொல்லையே சென்னைக்காரர் ஒரு விதமாகவும், யாழ்ப்பாணத்தவர் வேறு விதமாகவும், மலேசியத் தமிழர் மூன்றாவது விதமாகவும் எழுதினர். ஒரு பாட்டைக் கண்டுபிடிக்க ஐந்து முறை எழுத்தை மாற்றித் தேட வேண்டியிருந்தது. பெயர் தவறினால் பாட்டு இருந்தும் இல்லாததாகிவிடும் என்பது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். பிற்பாடுதான் புரிந்தது.

வழக்கு நடந்த கதை பலருக்கும் தெரிந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் 1999 டிசம்பரில் வழக்குத் தொடுத்தன, 2001 ஜூலையில் நாப்ஸ்டர் நின்றது. பட்டியல் வைத்திருந்த நடு சர்வர்தான் சட்டத்தின் கைக்கு அகப்பட்டது. அதனால் அடுத்து வந்த நுட்டெல்லா, காசா, லைம்வயர் போன்றவை தேடலையே பயனர்களின் கணினிகளிடையே பரப்பிவிட்டன. லைம்வயரை நிறுத்த நீதிமன்றத்துக்கு 2010 வரை ஆயிற்று. இடையில் 2003 செப்டம்பரில் பாட்டு பகிர்ந்த 261 தனி மனிதர்கள் மீதே நிறுவனங்கள் வழக்குப் போட்டன, அவர்களில் ஒருவர் பன்னிரண்டு வயதுச் சிறுமி. தம் பாட்டை விரும்பிக் கேட்கிறவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

விற்பனை வீழ்ந்தது உண்மை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டில் 78.5 கோடி ஆல்பங்கள் விற்றன, 2010-இல் அது ஏறக்குறைய 32.6 கோடியாகக் குறைந்தது. ஆனால் கோப்புப் பகிர்வு ஒன்றே அதற்குக் காரணமா என்பதில் பொருளியல் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. ஓபர்ஹோல்சர்-கீ, ஸ்ட்ரம்ப் என்ற இருவர் 2002-ஆம் ஆண்டில் பாட்டுகளை இறக்கிய பதிவுகளை ஆல்பம் விற்பனையோடு ஒப்பிட்டு, பாதிப்பு ஏறக்குறைய இல்லை என்றே சொல்லிவிடலாம் என்ற முடிவை 2007-இல் வெளியிட்டார்கள். ஸ்டான் லீபோவிட்ஸ் அதை மறுத்து, வீழ்ச்சியின் பெரும்பகுதிக்குப் பகிர்வே காரணம் என்று வாதிட்டார். இரு தரப்பு சொன்னதையும் படித்த அளவில் என் எண்ணம் இது: ஒரு பாட்டுக்காகப் பதினைந்து டாலர் கொடுத்து முழுக் குறுந்தகட்டையும் வாங்க வேண்டியிருந்த கட்டாயத்தைத்தான் கோப்புப் பகிர்வு முதலில் உடைத்தது. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் ஒரு பாட்டு 99 சென்ட் என்று விற்கத் தொடங்கியபோது அந்த உடைப்பு சட்டத்துக்கு உட்பட்ட வணிகமாகவும் ஆகிவிட்டது. உடைந்த கட்டு மறுபடி கட்டப்படவில்லை.

எங்கள் கடற்கரையில் நடந்தது வேறு. இங்கே வீட்டில் இணையம் வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். கோப்புப் பகிர்வு எங்களுக்கு வளைகுடா வழியாக வந்தது. ஒரு காலத்தில் துபாயிலிருந்து பெரிய டேப் ரெக்கார்டர்களைத் தோளில் சுமந்து வந்தவர்களின் பிள்ளைகள், 2002 வாக்கில் எம்பி3 சிடிக்களைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். ஒரு சிடியில் நூற்றைம்பது பாட்டு. அங்கே அறைத் தோழர்கள் இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு இறக்கியவை. மாமாவின் கணக்கில் அது பன்னிரண்டு கேசட். அடுத்த ஆண்டே அந்தச் சிடிக்களின் நகல்கள் ராமநாதபுரம் கடைத்தெருவில் 30 ரூபாய்க்கும் 40 ரூபாய்க்கும் கிடைத்தன. பிறகு கைபேசிகளில் மெமரி கார்டு வந்தது. மண்டபம், பாம்பன், தொண்டி என்று எந்த ஊருக்குப் போனாலும் செல்போன் கடை வாசலில் 'மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற பலகையைக் காணலாம். மாமாவிடம் தாள் கொடுத்தவர்கள் அங்கே கார்டைக் கொடுத்தார்கள். கடைப் பையன் 'புதுசு', 'பழசு', 'குத்து', 'சோகம்' என்று பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்களில் ஒன்றை முழுதாக இழுத்துப் போட்டான். நாடா மிஞ்சும் கேள்வியே இல்லை, கார்டு நிறையும் வரை நிரப்பலாம்.

2007 ரமலானுக்குப் பின் மாமா கடையை மூடினார். எஞ்சிய ஒரிஜினல் கேசட்டுகளை எடைக்குப் போட அவருக்கு மனமில்லை. பேரேட்டோடு சேர்த்து அவற்றை என்னிடம் கொடுத்துவிட்டார்.

ஆயிரம் பாட்டு கையில் இருந்தவர்கள் முன்னைவிட அதிகம் கேட்டார்கள். இதில் எனக்கு ஐயமில்லை. என் தம்பி மகன் என்னைவிட இருமடங்கு பழைய பாட்டுகளை அறிந்தவன், எல்லாம் அந்த ஃபோல்டர்களின் வழியே அறிந்தவை. ஆனால் யார் பாட்டு என்று கேட்டால் அவனால் சொல்ல முடிவதில்லை. கோப்பை ஏற்றியவர் கோப்பின் பெயரில் இட்டதே பாட்டின் அடையாளமாகிவிட்டது. சந்திரபோஸ், சங்கர்-கணேஷ், மனோஜ்-கியான் ஆகியோரின் பாட்டுகள் பலவும் 'இளையராஜா ஹிட்ஸ்' என்ற ஃபோல்டரில் கிடந்தன. வி. குமார் இசையமைத்த அருமையான மெட்டுகள் எம்.எஸ். விஸ்வநாதனின் பெயரில் சுற்றின. பாடலாசிரியர் பெயர் எந்தக் கோப்பிலும் இல்லை. கேசட்டோடு வந்த அட்டை கோப்போடு வரவில்லை. அந்த இழப்பை எந்த விற்பனைக் கணக்கிலும் காண முடியாது.

தமிழ்த் திரையிசையில் பெரும்பாலும் படத் தயாரிப்பாளர் வழியாகப் பாட்டுரிமை ஒலிநாடா நிறுவனத்துக்குப் போய்விடும். எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தொடர்ந்து உரிமைத்தொகை கிடைப்பதைச் சட்டம் உறுதி செய்ததே 2012-ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகுதான். எனவே அன்றைக்கு ஒரு திரைப்பாட்டுக் கேசட் விற்காமல் போனதால் பாடலாசிரியரின் கைக்கு வராமல் போன காசு குறைவு. தம் காசைப் போட்டுத் தாமே கேசட் வெளியிட்ட சிறிய பாடகர்களுக்குத்தான் பேரடி விழுந்தது.

அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். பெரியபட்டினம் பக்கத்தவர், கல்யாண வீடுகளிலும் கந்தூரிகளிலும் இஸ்லாமியப் பாட்டுப் பாடுகிறவர். 2003-இல் மதுரைக்குப் போய் எட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்து, ஆயிரம் கேசட் போட்டார். வளைகுடாவில் இருந்த மச்சான் அனுப்பிய பணம். ஏர்வாடி சந்தனக்கூட்டுக்குக் கடை போட்டும், மாமாவைப் போன்றவர்களிடம் பத்து, இருபது என்று கொடுத்தும் விற்றார். முந்நூறு போயிற்று. வாங்கியவர்களில் யாரோ ஒருவர் அதை எம்பி3 ஆக்கினார், அதோடு விற்பனை நின்றது. எழுநூறு கேசட் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. 2006-இல் எங்கள் ஊர் ஆட்டோக்களிலும் கைபேசிகளிலும் அவருடைய குரல்தான். துபாயில் நோன்பு திறக்கும் நிகழ்ச்சியில் போட்டார்கள், கோலாலம்பூரில் ஒரு கல்யாணத்தில் ஒலித்ததாகச் சொன்னார்கள். இந்த அளவு பரவியிருந்தால் பாடகருக்கு எங்கெங்கிருந்தோ அழைப்பு வந்திருக்க வேண்டும். கோப்புப் பகிர்வை ஆதரித்து நான் சொல்லும் வாதமும் அதுதானே: இழந்த கேசட் காசை மேடைக் காசு ஈடு கட்டும். அழைப்பு ஒன்றுகூட வரவில்லை. ஏனென்றால் அந்த எட்டுப் பாட்டுகளும் 'நாகூர் ஹனிபா' என்ற பெயரில் சுற்றிக்கொண்டிருந்தன. ராமநாதபுரத்தில் பிறந்து தமிழ் முஸ்லிம்களின் குரலாகவே ஆகிவிட்ட அந்தப் பெரியவரின் பெயரை, இஸ்லாமியத் தமிழ்ப் பாட்டு எதுவானாலும் மக்கள் தாமாகவே போட்டுவிடுவார்கள். பாட்டு பிடித்துப்போனவர்கள் பாடியவரைத் தேடவே இல்லை, தெரிந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். "பேர் மட்டும் வந்திருந்தா நான் பொழச்சிருப்பேன் காக்கா" என்று ஒருநாள் மாமாவிடம் அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

மாமாவின் கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி, பேரேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோப்பிலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களைத் தமிழில் பதிந்து வருகிறேன். ஒரு மாலைக்கு நான்கு, ஐந்து பாட்டுகளுக்கு மேல் முடிவதில்லை. திரைப்பாட்டுகளை யாருக்கும் கொடுப்பதில்லை, உரிமை என்னுடையது அன்று. தவறான பெயரில் சுற்றும் பாட்டு ஏதேனும் கண்ணில் பட்டால், சரியான பெயரை மட்டும் எழுதி அனுப்புகிறேன்.

சென்ற மாதம் அந்த எட்டுப் பாட்டுகளின் முறை வந்தது. பாடகருக்கு இப்போது எழுபதை நெருங்குகிறது. தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய சொந்தப் பெயரில் இவற்றை இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்டேன்.

"தாராளமா ஏத்துங்க தம்பி. தபேலா வாசிச்சவரு பேரையும் போட்டுடுங்க, அவரு மவுத்தாயி நாலு வருசம் ஆச்சு. அப்புறம், நாலாவது பாட்டு நான் எழுதினது இல்ல. அட்டையில தப்பா அச்சாயிருச்சு. அது எங்க உஸ்தாது எழுதிக் கொடுத்தது."

அவர் சொன்ன இரண்டு பெயர்களையும் எழுத்துக் கூட்டிக் கேட்டு, பேரேட்டின் அந்தப் பக்கத்திலும் நான்காவது கோப்பிலும் அன்றிரவே திருத்தி எழுதினேன்.